விலக்கு ரோட்டுக் குழி

செப்டம்பர் 9, செவ்வாய்

தூக்கம் வரலைன்னா எதையாவது எழுதும்மா, மனசுல கெடக்குறது கொஞ்சம் கீழ எறங்கும்னு தர்ஷினி போன்ல சொன்னா. அவ மதுரையில நர்ஸ் படிக்கா. அங்க இதெல்லாம் சொல்லிக் கொடுக்காங்க போல. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ, என்னத்த எழுதட்டும்னு கேட்டேன். "இன்னைக்கு என்ன கொழம்பு வச்சேன்னு எழுது"ன்னா.

இன்னைக்குக் கொழம்பு வைக்கல. நேத்து வச்ச புளிக்கொழம்பு கெடக்கு. ஒருத்திக்கு எவ்வளவு வைக்கணும்னு கை இன்னும் பழகல.

இலை நனைச்சு வெட்டினேன். பீடி சுத்தினேன். சாயங்காலம் பீடிக்கடையில கொண்டு போட்டேன். இலை இந்தத் தடவை மோசம், பாதி ஓட்டை.

இன்னைக்கும் விடியுமுன்ன, மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குத் திரும்புற விலக்கு ரோட்டுல கெடக்குற குழியில ரெண்டு கூடை செங்கல் துண்டு கொட்டிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஆட்டோ அந்த வழியாத்தான் போகுது. அதுக்குத்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

பேச்சி பார்த்துட்டா. பேச்சி என் நாத்தனார், அடுத்த வீடு. நான் கூடையோட வாசல்ல எறங்கவும் அவ தண்ணி தெளிக்க வரவும் சரியா இருந்தது.

"இந்த இருட்டுல எங்க மதினி போறே?"

"சும்மா. விலக்கு வரைக்கும்."

"கூடையில என்ன?" கிட்ட வந்து எட்டிப் பார்த்தா. "எங்கண்ணனை முழுங்கின குழிக்கு நீ தீனி போடப் போறியாக்கும்."

நான் நடந்தேன். பின்னாலயே வந்தா.

"மதினி, நில்லு. இது அண்ணன் குளிக்கிற ரூம் கட்ட வாங்கிப் போட்ட கல்லுல்லா?"

"உடைஞ்ச கல்லைத்தான் எடுத்தேன்"ன்னேன்.

ஒடைச்சதே நான்தான். அதை அவகிட்டச் சொல்லல.

விடிஞ்ச பெறகு போகலாம்தான். ஆனா எதுக்க வாரவங்களுக்குச் சங்கடம். தாலி எறக்கி ரெண்டு மாசம் ஆகல. வேலை வெட்டிக்குப் போறவங்க என் முகத்துல முழிக்க வேண்டாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விலக்குல சாகுல் அண்ணாச்சி டீக்கடை. நாலரைக்கே அடுப்பு பத்த வச்சிருவாங்க. இத்தனை நாள் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாங்க. இன்னைக்கு ஒரு வாளித் தண்ணியோட ரோட்டுக்கு வந்துட்டாங்க.

"சும்மா கொட்டிட்டுப் போனா லாரி டயரு தட்டி விட்டுட்டுப் போயிரும்மா. பெரிய துண்டு அடியில, பொடி மேல. செம்மண்ணு போட்டுத் தண்ணி விட்டு இடிக்கணும். வேலாயுதம் வீட்டு வேலைக்கு ஆள் வைக்காம தானே செய்வான்ல, நீ பார்த்ததே இல்லியா?"

ரெண்டு மாசத்துல அவுக பேரை என் எதுக்கச் சொன்ன மொத ஆளு அண்ணாச்சிதான். எல்லாரும் "அவரு", "அந்த மனுசன்"னுதான் சொல்லுதாங்க, பேரைச் சொன்னா நான் ஒடைஞ்சிருவேன்னு நெனைக்காங்க. ஒடையல. நல்லாத்தான் இருந்தது.

அவுக கடை கடையா முட்டை கொண்டு போடுறவுக. டிவிஎஸ் வண்டியில பின்னால தட்டு தட்டா அடுக்கிக் கட்டியிருக்கும். வண்டியில ஹாரன் ரிப்பேரு. சரி பண்ணவே இல்ல. விலக்கு வந்தா, "முட்டை, முட்டை, தள்ளு, முட்டை"ன்னு வாயாலயே கத்திக்கிட்டுத் திரும்புவாகளாம். அண்ணாச்சி அதே மாதிரி கத்திக் காட்டினாங்க. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். அப்புறம் அண்ணாச்சி வாளியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

குழி அவுகளுக்குத் தெரியாததில்ல. குடிதண்ணி பைப்புக்குத் தோண்டி, சரியா மூடாமப் போனது. ரெண்டு வருசமா வெலகித்தான் போயிட்டு வந்தாக. அன்னைக்கு ஆடிச் சாரல். ரோடு பூரா தண்ணி. எது ரோடு, எது குழின்னு தெரியல.

செப்டம்பர் 17, புதன்

ராத்திரி மழை. போட்டதெல்லாம் போயிட்டு.

செப்டம்பர் 19, வெள்ளி

மறுபடி போட்டேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி அடியில பெரிய துண்டா அடுக்கினேன், எடவெளியில சில்லு, மேல செம்மண். தண்ணி தெளிச்சு, வீட்டுல கெடந்த கட்டையால இடிச்சேன். தோள்பட்டை கழண்டு போச்சு. ஆனா பார்க்க ரோடு மாதிரியே இருந்தது.

கிளம்புற நேரம் பால் வண்டி வந்தது. குழி மேலயே ஏறிப் போச்சு. ஒரு குலுக்கம் இல்ல. "பார்த்தீங்களா"ன்னு வாயில வந்துட்டு. பக்கத்துல யாரும் இல்ல.

செப்டம்பர் 24, புதன்

கவுன்சிலர் ஜெயராணி தெருவுக்கு வந்தா. நம்ம வார்டு ரோட்டுக்கு அரசாங்கத்துல பணம் ஒதுக்கியிருக்காங்களாம். மூணு வருசமா மனுக் கொடுத்து இப்பத்தான் வந்திருக்காம். முழு ரோடும் புதுசாப் போட அந்தப் பணம் காணாது, குழிக்கெல்லாம் தார் ஒட்டுப் போடுவாங்க, ஓவர்சியர் அளவெடுக்க வருவாருன்னா.

"பாட்டா செருப்புக்கு ஒட்டுப் போடுற மாதிரியாக்கும்?"ன்னு பேச்சி கேட்டா.

"அதாவது வந்துதேன்னு சந்தோசப்படுக்கா. பக்கத்து வார்டுக்கு அதுவும் இல்ல."

என் பக்கத்துல வந்ததும் ஜெயராணி குரலைத் தாழ்த்திக்கிட்டா. "இசக்கிக்கா, விலக்குக் குழியும் இதுல போயிரும். இனி கவலைப்படாதிய."

நான் எதுக்குக் கவலைப்படப் போறேன். தலையை ஆட்டினேன். மதியம் சோறு எறங்கல. வெயில் ஜாஸ்தி.

செப்டம்பர் 26, வெள்ளி

ஓவர்சியர் வந்துட்டுப் போயிட்டாரு. நான் பீடி சுத்திக்கிட்டு இருந்தேன், தெரியாது. பீடிக்கடைக்குப் போறப்போதான் பார்த்தேன். ரோடு நெடுக ஒவ்வொரு குழியையும் சுத்தி வெள்ளைப் பெயின்ட்டுல வட்டம் போட்டு நம்பர் போட்டிருக்கு. கோயில் முன்னால ஒண்ணு. ரேஷன் கடைகிட்ட ரெண்டு. உள்ளங்கை அகலம் இருக்கிற குழிக்கெல்லாம் வட்டம்.

விலக்குல இல்ல.

நின்னு பார்த்தேன். அந்த எடத்துல குழியே இல்ல. இன்னைக்குக் காலையிலதான் புதுசா மண்ணு போட்டு வழிச்சு, இடிச்சு, ஓரம் கூட வெளக்கமாத்தால கூட்டிட்டு வந்திருந்தேன். அவ்வளவு நல்லா அடைச்சிருந்தேன்.

அண்ணாச்சி கடையத் தெறந்துக்கிட்டு இருந்தாங்க. "நான் ஜும்மாவுக்குப் போயிட்டேன்மா. கடையில இருந்திருந்தா கையைப் புடிச்சு இழுத்து வந்து காட்டியிருப்பேன்"ன்னு தலையில கை வச்சாங்க.

செப்டம்பர் 27, சனி

காலையிலயே ஜெயராணி வீட்டுக்குப் போனேன். அவ பிள்ளைக்குச் சடை பின்னிக்கிட்டு இருந்தா.

"அய்யோ இசக்கிக்கா. அளவு எழுதிக் கொடுத்துட்டாரே."

"ஒரு குழிதானே, சேத்துக்கச் சொல்லு."

"நம்ம வீட்டுச் செலவு மாதிரியாக்கா இது? எந்தக் குழின்னு கணக்குல ஏறுதோ அதுக்குத்தான் பணம். ஏறாத குழிக்கு ஒரு சட்டி தார் ஊத்த மாட்டான் கான்ட்ராக்ட்காரன்." சடையை விட்டுட்டு என்னைப் பார்த்தா. "நீங்க ஏன்க்கா அடைச்சிய?"

"பிள்ளைங்க ஆட்டோ போகுதுல்லா"ன்னேன்.

அவ சடையை மறுபடி கையில எடுத்தா. ஆயுத பூசை லீவு முடிஞ்சு மேல இருந்து பெரிய இன்ஜினியர் ஒருத்தர் சரி பார்க்க வருவாராம். அவர் நெனைச்சா ஒண்ணு ரெண்டு கூட்டலாம், கொறைக்கலாம். என்னைக்கு வருவாருன்னு சொல்ல மாட்டாங்க. "ஆனா அவர் கண்ணுல படணும்க்கா. பள்ளம் பள்ளமாத் தெரியணும். விட்டா இன்னொரு ஒதுக்கீடு வர எத்தனை வருசமோ. ஐப்பசி மழை வேற வருது."

வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு. மழை வந்தா என் செம்மண்ணு ஒரு ராத்திரி தாங்காது. அது எனக்கே தெரியும்.

அக்டோபர் 2, வியாழன்

பக்கத்து வீடுகள்ல பொரி, சுண்டல் கொடுத்தாங்க. நாளைக்கு அதைத் தெறக்கணும். மண்வெட்டிக்குக் காம்பு ஆடுது, ஆப்பு அடிச்சு வச்சேன்.

அக்டோபர் 3, வெள்ளி

தெறந்துட்டேன்.

மேல் மண்ணு லேசா வந்துட்டு. அடியில கல்லு இறுகிப் போய்க் கெடந்தது, கையாலதான் ஒண்ணொண்ணா எடுத்தேன். அடியோட ஒட்டிப் போன ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாம் எடுத்து முடிச்சு அடியைப் பார்த்தேன். என் முழங்கால் அளவு கூட இல்ல. ஒரு அண்டா வச்சா நெறஞ்சிரும். ரெண்டு மாசமா அடைச்சேனே, அது எவ்வளவுன்னு ஒருநாளும் பார்க்கல. கண்ணை எங்கயோ வச்சுக்கிட்டே கொட்டியிருக்கேன்.

இவ்வளவுதானா. இதுக்குள்ளயா போனீங்க.

தெறந்து போட்டுட்டு வீட்டுக்கு வர முடியுமா? யாராவது விழுந்தா? பழைய செவப்புச் சீலையைக் கிழிச்சுக் கம்புல கட்டி நட்டேன். வீட்டுல போய் பீடித் தட்டு, இலை, தூள் எல்லாம் எடுத்துட்டு வந்து குழி ஓரமாவே உக்காந்துட்டேன். வேலையும் ஓடணும்ல.

விடிஞ்சது. ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சுத்தினேன். ஒருத்தன் பைக்கை மெதுவாக்கி, "ஏக்கா, வீட்ல எடமில்லியா, நடுரோட்ல பீடி சுத்துதிய?"ன்னான். இன்னொருத்தர் என் முகத்தைப் பார்த்துட்டு வண்டியைத் திருப்பிக்கிட்டு வேற வழியாப் போனாரு. போகட்டும். குழியில விழாமப் போனாருல்லா.

இன்னைக்கு யாரும் வரல. இருட்டுறதுக்கு முன்ன எடுத்த கல்லையெல்லாம் மறுபடி போட்டு அடைச்சிட்டு வந்தேன். ராத்திரி தெறந்து கெடக்கக் கூடாது.

அக்டோபர் 4, சனி

காலையில தெறந்தேன். சாயங்காலம் அடைச்சேன். யாரும் வரல.

அக்டோபர் 6, திங்கள்

இன்னைக்குத் தெறக்கப் போறப்போ பேச்சி தட்டோட வாசல்ல நிக்கா.

"நீ எதுக்கு?"

"ஏன், ஒனக்கு மட்டும்தான் குழியா? எனக்கு அண்ணன்."

அவளும் ஓரமா உக்காந்துட்டா. பதினோரு மணிக்குள்ள தெருவுல இருந்து இன்னும் மூணு பேரு வந்துட்டாங்க, அவுங்கவுங்க தட்டோட. குழியைச் சுத்தி அஞ்சு பொம்பளைங்க. அண்ணாச்சி தார்ப்பாய் கட்டி நெழல் போட்டுக் கொடுத்தாங்க. மினி பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இது என்ன புது ஸ்டாப்பா? பீடி ஸ்டாப்பா?"ன்னாரு. "ஆமா, எறங்கி ஒரு கட்டு வாங்கிட்டுப் போ"ன்னா பேச்சி.

அவ வாய் அப்படி. ஆனா கல்லு எடுக்குறப்போ பார்த்தேன். ஒரு செங்கல் துண்டை எடுத்து, முந்தானையால தொடச்சு, மத்ததோட சேர்க்காமத் தனியா வச்சா. சாயங்காலம் அதைக் கடைசியாப் போட்டா.

இன்னைக்கு நிறைய சுத்திட்டேன். கை தானா ஓடுது, ஊர்க்கதை பேசிக்கிட்டே. ஜூலைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் மதியம் வயிறு பசிச்சது.

அக்டோபர் 8, புதன்

வந்துட்டாங்க.

ஜீப்ல பெரிய இன்ஜினியர், ஓவர்சியர், ஜெயராணி. இன்ஜினியர் வயசான ஆளு, கண்ணாடி, தலையில கைக்குட்டை கட்டியிருந்தாரு. எறங்கினதும் எங்க தட்டையும் தார்ப்பாயையும் பார்த்தாரு. அப்புறம் குழியைப் பார்த்தாரு.

"இது கணக்குல இல்லியே?"

"நான் வந்தப்போ இங்க குழி இல்ல சார்"ன்னாரு ஓவர்சியர். பாவம், பொய் சொல்லல.

"பத்து நாள்ல இவ்வளவு பெரிய குழி எப்படிய்யா வரும்?" எங்க பக்கம் திரும்பினாரு. பக்கத்துல மண்வெட்டி கெடந்தது, மண்ணு ஈரமா இருந்தது. "பணம் வந்திருக்குன்னு தெரிஞ்சதும் தோண்டிக் காட்டுறீங்களா? ரோட்டைத் தோண்டினா கேஸ் போடலாம், தெரியுமாம்மா?"

பேச்சி தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சா. "கேஸா? போடும்யா கேஸு! எங்கண்ணன்..."

நான் அவ கையைப் புடிச்சு உக்கார வச்சேன். அதிகாரிங்ககிட்ட நான் பேசினதே கெடையாது. ரேஷன் கார்டுல பேரு தப்பா இருந்ததுக்குக் கூட நீங்கதான் போய்ப் பேசினீங்க.

"நான் தோண்டல சார்"ன்னேன். "நான் அடைச்சேன். ரெண்டு மாசமா நான்தான் அடைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த சார் வந்த அன்னைக்கும் அடைச்சிருந்தேன். அதான் அவருக்குத் தெரியல. இப்ப நீங்க பார்க்கணும்னு காலையில தெறக்கேன், சாயங்காலம் மூடிருதேன். எங்க வீட்டுக்காரர் இதுலதான் விழுந்தாரு."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் மொதத் தடவை.

பேன்ட்டை இழுத்து விட்டுக்கிட்டுக் குத்த வச்சு உக்காந்தாரு. குழிக்குள்ள கையை விட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தாரு. தார் ஓரமெல்லாம் டயர் ஏறி ஏறி வழுவழுன்னு தேஞ்சு கெடக்கு. அடியில எடுக்காம விட்ட செங்கல் ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தாரு. மண்ணு ஏறிக் கறுத்துப் போயிருந்தது. நேத்து வச்ச கல்லு இல்லன்னு யாருக்கும் தெரியும்.

"எப்பம்மா நடந்தது?"

"ஆடியில சார்."

"அதுக்கப்புறம் யாரும் இதுல விழுந்தாங்களா?"

அண்ணாச்சிதான் கடையில இருந்து சொன்னாங்க. "ஒருத்தர் கூட விழல சார்."

இன்ஜினியர் கையில இருந்த மண்ணைத் தட்டினாரு. எந்திரிக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டாரு. ஓவர்சியரைப் பார்த்து, "அளவெடு. வட்டம் போடு"ன்னு மட்டும் சொன்னாரு.

போறப்போ என்கிட்ட வந்தாரு. "வேலை தொடங்குற வரைக்கும் தடுப்பு வைக்கச் சொல்றேன்மா. ராத்திரியில மின்னுற தாள் ஒட்டின தடுப்பு. இனி நீங்க வர வேண்டாம். அது எங்க வேலை."

பேச்சி அழுதா. நான் அழல. தட்டுல பாதி சுத்தின பீடி காத்துல பறந்துக்கிட்டு இருந்தது, பொறுக்கினேன். சாயங்காலம் கல்லையெல்லாம் போட்டு அடைச்சிட்டுத்தான் வந்தோம்.

அக்டோபர் 10, வெள்ளி

நாலரைக்கு முழிப்பு வந்துட்டு. கூடையை எடுத்துக்கிட்டுப் போனேன். விலக்குல தடுப்பு நிக்குது, நல்ல உயரமா, மஞ்சளும் கறுப்புமா. கொஞ்ச நேரம் நின்னேன். அண்ணாச்சி டீ கொடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்.

வந்து என்ன செய்யன்னு தெரியல. வீட்டைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். விடியவே இல்ல.

உங்ககிட்ட எங்க வந்து பேசுறதுன்னு தெரியல.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருசம் நமக்கு இல்ல. தர்ஷினி வந்திருக்கா, எளைச்சுப் போயிட்டா. பேச்சி வீட்டுல இருந்து முறுக்கு கொடுத்து விட்டா. தெருவுல வெடி போடுற சத்தம் கேட்டா பிள்ளை என் முகத்தைப் பார்க்கா.

ராத்திரி என்கூடவே படுத்தா. "அம்மா, எழுதுறியா?"ன்னா. ஆமான்னேன். "என்ன எழுதுறே?" கொழம்பு என்னன்னு எழுதுறேன்னேன். சிரிச்சா. அப்புறம் என் கையை எடுத்துப் பார்த்தா. செங்கல் தூக்கினதுல உள்ளங்கையில காப்புக் காச்சியிருக்கு. தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு வந்து ரொம்ப நேரம் தேச்சு விட்டா.

அக்டோபர் 23, வியாழன்

விடாத மழை. தார் வேலை தள்ளிப் போகுது. பெட்ரோல் பங்க் வரைக்கும் தண்ணி. பேச்சி மகன் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னான், தடுப்பு அப்படியே நிக்குதாம்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் அடிச்சது. வேலை வந்துட்டு.

வெளியூர்ப் பொம்பளைங்கதான் முக்கால்வாசி. காலுல சாக்குத் துணி சுத்திக்கிட்டு, தலையில சும்மாடு வச்சு, ஜல்லி சுமக்காங்க. விலக்குக்கு வந்ததும் ஒருத்தன் கடப்பாரையைப் போட்டுக் குழியில இருந்த கல்லைக் கிளறி எறிய ஆரம்பிச்சான்.

"ஏன் எடுக்கிய? அது நல்லாத்தானே இருக்கு?"ன்னேன்.

"உள்ள சுத்தமா இருந்தாத்தான்க்கா தார் பிடிக்கும். செங்கல்லு கெடந்தா ஒரு மழையில பேந்துரும்."

நியாயம்தான். "சரி, நான் எடுத்துத் தாரேன்"ன்னேன். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி என்னைப் பார்த்தாரு. அண்ணாச்சி ஏதோ அவர் காதுல சொன்னாங்க. "எடுக்கட்டும்ப்பா, அவசரம் இல்ல"ன்னாரு.

எறங்கி உக்காந்து ஒவ்வொரு கல்லா எடுத்தேன். கடைசியில கையால மண்ணை வழிச்சு, முந்தானையால தொடச்சு விட்டேன். எழுந்தேன்.

தார் ஊத்தினாங்க. ஜல்லி போட்டாங்க. ரோலர் நாலு தடவை போயிட்டு வந்தது. ஒரு பொம்பளை என் பக்கத்துல வந்து, "யாருக்கா?"ன்னா. "வீட்டுக்காரரு"ன்னேன். அவ சும்மாட்டுத் துணியை உதறி என் கையில கொடுத்தா, மொகத்தைத் தொடைக்க. அதுவரைக்கும் நான் அழுதுக்கிட்டு இருக்கேன்னே எனக்குத் தெரியல.

நவம்பர் 5, புதன்

சாயங்காலம் பீடிக்கடைக்குப் போக நேரமாயிட்டு. பேச்சி ஸ்கூட்டியில ஏறுன்னா. நீங்க போன பெறகு நான் எந்த வண்டியிலயும் ஏறல. எத்தனை தடவை கூப்பிட்டாலும் நடந்துதான் போவேன். இன்னைக்கு ஏறிட்டேன். பீடியை மடியில வச்சுக்கிட்டு, அவ இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"பேச்சி, விலக்கு வந்தாச் சொல்லு. மெதுவாப் போ."

வண்டி போய்க்கிட்டே இருந்தது. காத்து மொகத்துல அடிச்சது. ஒரு குலுக்கல் வரும், வரும்னு உடம்பைக் கெட்டியா வச்சுக்கிட்டு இருந்தேன்.

"இன்னும் வரலியா?"

"அது அப்பவே போயிட்டு மதினி. பீடிக்கடை வந்தாச்சு, எறங்கு."

கண்ணைத் தெறந்தேன். பீடிக்கடை வாசல்ல வண்டி நிக்குது. எப்பத் தாண்டினோம்னே தெரியல.

அன்னைக்கு ரோடு இப்படி இருந்திருந்தா நீங்களும் எப்பத் தாண்டினோம்னு தெரியாமலே வந்திருப்பீங்க. வண்டியை நிறுத்திட்டு, இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேட்டிருப்பீங்க.